பாலாலயம் இல்லாத திருப்பணி

அனுப்புநர்:
டி.டி.பி. கடைக்காரன் ஒருவன்,
பேருந்து நிலையத்துக்கு எதிரே, டீக்கடை மாடி,
தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு அப்டேட் பிரிவுத் தலைவர் அவர்கள்,
உலகிலுள்ள அனைத்து இயங்குதள நிறுவனங்கள்.
(முகவரி எழுதவில்லை. நாங்கள் எங்கே ஒளிந்திருந்தாலும் உங்கள் அப்டேட் வந்து சேருகிறது. அதே வழியாக இதுவும் உங்களிடம் வந்து சேரட்டும்.)

பொருள்: கணினி அப்டேட் – இரவு 11.40 மணிக்கு அனுமதியின்றி நடத்தப்பட்டது – விளக்கம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் திரையில் தோன்றிய அறிவிப்பு. நாள் இல்லை, கையொப்பம் இல்லை, பதில் எழுத இடமும் இல்லை.

ஐயா,

என் கடைக் கணினியில் ஓடுவது எந்தக் கம்பெனியின் சரக்கு என்று இந்த மனுவில் எழுதப்போவதில்லை. எழுதினால் மற்றவர்கள் 'நம்மைச் சொல்லவில்லை' என்று நிம்மதியாகப் படுத்துவிடுவார்கள். குரைத்தது எந்த நாய் என்று தெரிந்தாலும், கல்லைக் குனிந்து எடுத்ததும் தெருவிலுள்ள எல்லா நாயும் ஓடும் அல்லவா? அந்தக் கணக்கு.

சம்பவம் போன ஐப்பசியில் நடந்தது. அடைமழை. இரவு பத்தே முக்காலுக்கு ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன். இரண்டு பைக்கில் நான்கு பேர் நனைந்துகொண்டே வந்து, குனிந்து உள்ளே நுழைந்தார்கள். ஒருவர் கையில் பாலித்தீன் பையில் சுற்றிய செல்போன்.

"அப்பா தவறிட்டாருண்ணே. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அம்பது வேணும். விடியறதுக்குள்ள ஒட்டிடணும். காலைல பதினோரு மணிக்கு எடுத்துருவோம்."

இந்த அவசரம் உங்கள் அலுவலகத்தில் புரியாது என்பதால் விளக்குகிறேன். எங்கள் தொழிலில் கல்யாணப் பத்திரிகை நாலு நாள் தாமதமாகலாம். மாப்பிள்ளை வீட்டார் கத்துவார்கள், பிறகு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். காதுகுத்து ஃபிளெக்ஸ் காலையில் வராவிட்டால் மதியம் கட்டிக்கொள்ளலாம். சாவு போஸ்டருக்கு அந்தச் சலுகை கிடையாது. கெடு வைத்த ஆள் கெடுவை நீட்டித்துத் தரும் நிலையில் இல்லை.

செல்போனில் இருந்தது ஒரு வளைகாப்பில் எடுத்த படம். நடுவில் பெரியவர், இரண்டு பக்கமும் சம்பந்திகள். அவரை மட்டும் கத்தரித்து எடுத்து, தோளில் கிடந்த அடுத்தவர் கையை அழித்து, அந்த இடத்தில் ஒரு துண்டைப் போட்டு, பின்னால் நீலவானம் வைத்து, இருபுறமும் குத்துவிளக்கு ஏற்றினேன். பிறகு பெயர்கள். மூத்த மருமகன் பெயர் இளைய மகன் பெயருக்கு மேலே வருவதா கீழே வருவதா என்பதில் இருபது நிமிஷம் போனது. (இந்த ஒரு விஷயத்துக்கு இதுவரை எந்தக் கம்பெனியும் அப்டேட் கொண்டுவரவில்லை.) ஒருவழியாக நால்வரும் தலையாட்டினார்கள். வயது 84 என்பதை மூத்த மகன் திரையில் விரல் வைத்துச் சரிபார்த்தார். நான் பிரின்ட் கொடுக்கக் கையைக் கொண்டுபோன நேரத்தில் திரை அணைந்து, நீலமாக எழுந்தது. அப்டேட் நடக்கிறதாம். கணினியை அணைக்க வேண்டாமாம். மரியாதையாகத்தான் சொன்னது.

அன்று காலையிலிருந்து மூன்று முறை அது கேட்டதும் நான் 'பிறகு' என்று தள்ளிவிட்டதும் உண்மை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எனக்குப் பிறகுதான் ஒன்று தெரியவந்தது. நான் எப்போது வேலை செய்கிறேன் என்று உங்கள் இயந்திரம் தானாகவே கவனித்து, காலை 9 முதல் இரவு 8 வரை என் வேலை நேரம் என்று குறித்து வைத்திருக்கிறது. அதற்குப் பிறகு கணினி அதன் சொத்து. ஆக, இந்த ஊரில் இனி யார் இறப்பதாக இருந்தாலும் எட்டு மணிக்குள் இறந்துவிட வேண்டும்.

திரையில் புள்ளிகள் சுற்றத் தொடங்கின. கோலத்துக்கு வைத்த புள்ளிகள் கோலம் போடுவதற்குள் எழுந்து ஓடினால் எப்படி இருக்கும், அப்படி.

"எவ்வளவு நேரம்ணே ஆகும்?"

"பன்னெண்டு பர்சென்ட் தம்பி."

"அப்படின்னா எத்தனை நிமிஷம்?"

தெரிந்தால் சொல்லமாட்டேனா? உங்கள் சதவீதத்துக்கும் கடிகாரத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. 27-இல் அரை மணி நேரம் மூச்சில்லாமல் நின்றது. நால்வரும் என் முதுகுக்குப் பின்னால் நின்று அந்த 27-ஐயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இளைய மகன்தான் கடைசியில் வாய் திறந்தார். "ஆஸ்பத்திரியில நாலு நாளா மானிட்டர்ல பர்சென்ட்டைப் பார்த்துக்கிட்டே நின்னோம். இங்கயும் அதேதானா?"

ஐயா, முப்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். அன்றைக்கு மாதிரி நான் எந்த வாடிக்கையாளர் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்ததில்லை.

பன்னிரண்டரைக்கு வெட்கத்தை விட்டுவிட்டு எதிர்க்கடைக்காரரை வீட்டில் போய் எழுப்பினேன். எனக்கும் அவருக்கும் ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை, காரணம் ஒரு தேர்தல் ஆர்டர், அதை இன்னொரு மனுவில் எழுதுகிறேன். அவர் கடையில் விண்டோஸ் எக்ஸ்பி போட்ட ஒரு கணினி இருக்கிறது. அதற்கு இணையம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. பழைய பேஜ்மேக்கர், பழைய தட்டச்சு விசைப்பலகை, பழைய ஃபான்ட். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் வைத்த சந்தனமும் குங்குமமும் துடைக்கப்படாமல் அதன் நெற்றியில் அடுக்கடுக்காக இருக்கின்றன. அதற்கு இதுவரை நடந்த ஒரே அப்டேட் அதுதான். சுவிட்சைப் போட்டதும் ஒன்றும் கேட்காமல் எழுந்தது. "நெட் கனெக்ஷன் குடுத்த அன்னிக்கே உன் மெஷின் உன்னுது இல்லய்யா" என்று சொல்லிக்கொண்டே அவர் தட்டச்ச உட்கார்ந்தார்.

என் கோப்பு என் கணினிக்குள் உங்கள் காவலில் இருந்ததால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தோம். வளைகாப்பு, சம்பந்திகள், துண்டு, குத்துவிளக்கு. தூக்கக் கலக்கம். மூன்றேகாலுக்கு ஐம்பது போஸ்டரும் தயார். விடிந்தபோது ஊரின் ஐம்பது சுவர்களிலும் பெரியவர் 48 வயதில் காலமாகியிருந்தார். அதற்குக் கீழே 'கண்ணீருடன்' என்ற பட்டியலில் முதல் பெயர் அவருடைய மூத்த மகன், தலைமை ஆசிரியர், பணி நிறைவு.

நான் கடைக்குத் திரும்பியபோது என் கணினி குளித்துமுழுகி உட்கார்ந்திருந்தது. உங்கள் கோப்புகள் எல்லாம் வைத்த இடத்திலேயே இருக்கின்றன என்றது. இருந்தன. ஆனால் என் ஏ3 பிரின்டருக்குப் பதிலாக, காகிதமே இல்லாத ஒரு பிடிஎஃப் பிரின்டர் முதலிடத்தில் இருந்தது. கீழே ஒரு மூலையில் மேகமும் மழையும் வரைந்து 'இன்று மழை' என்று ஒரு புதிய வசதி. தகவலுக்கு நன்றி. சட்டை இன்னும் காயவில்லை.

நான் அப்டேட்டுக்கு விரோதி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். 2017 மே 12 நினைவிருக்கிறது. வான்னாக்ரை என்ற புழு கிளம்பி சுமார் 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அந்தப் புழு நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே பேட்ச் வெளியிட்டிருந்தது. இரண்டு மாதமாக 'பிறகு, பிறகு' என்றவர்கள்தான் பெருமளவில் மாட்டினார்கள். 2014 ஏப்ரலிலேயே கைகழுவப்பட்ட எக்ஸ்பிக்குக்கூட அந்த வாரம் இரக்கப்பட்டு ஒரு பேட்ச் கொடுத்தார்கள். எதிர்க்கடைக்காரரின் சந்தனக் கணினி தப்பித்தது அதன் வலிமையால் அல்ல, வயரைப் பிடுங்கி வைத்திருந்ததால். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஓட்டையை அடைக்க வருகிற ஆளுக்கு வாசலில் நின்று டீ கொடுக்கத் தயாராக இருக்கிறேன்.

அடைத்துவிட்டுப் போகவேண்டியதுதானே? கொசு மருந்து அடிக்க வந்த முனிசிபாலிட்டி ஆள், போகும்போது அம்மியைக் கூடத்துக்கும் பீரோவைக் கொல்லைக்கும் மாற்றி வைத்துவிட்டு, வாசலில் மச்சினன் கடை விளம்பரத்தையும் ஒட்டிவிட்டுப் போனால் அதை சுகாதாரப் பணி என்பீர்களா? 1995-இலிருந்து இடது மூலையில் இருந்த பொருள் விண்டோஸின் ஸ்டார்ட் பட்டன். கண்ணை மூடிக்கொண்டு கை போகும் இடம் அது. 2012-இல் அதைத் தூக்கியே விட்டார்கள். ஊர் கத்தியதும் 2013-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2021-இல் நடுவுக்குத் தள்ளினார்கள். இந்த மூன்று பெயர்ச்சியிலும் எந்த வைரஸ் செத்தது என்று யாராவது சொன்னால் தேவலை. குருப்பெயர்ச்சிக்காவது பலன் போடுகிறார்கள்.

மருந்தையும் மளிகைச் சாமானையும் ஒரே பையில் போட்டுத் தலையில் கட்டுவதால் என்ன நடக்கிறது என்றால், ஜனங்கள் மருந்துக்கும் கதவைச் சாத்துகிறார்கள். எங்கள் பஜாரில் அப்டேட்டை நிறுத்திக் கொடுக்கவே ஒரு பையன் இருக்கிறான். தலைக்கு இருநூறு ரூபாய். நல்ல கூட்டம்.

பட்டன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'இப்போது' என்று ஒன்று, 'பிறகு' என்று ஒன்று. 'வேண்டாம்' என்ற தமிழ்ச்சொல் உங்கள் மொழிபெயர்ப்பாளருக்குத் தெரியாது போலிருக்கிறது. 2016-இல் மைக்ரோசாஃப்ட் இதற்கும் ஒரு படி மேலே போனது. விண்டோஸ் 10-க்கு மாறச் சொல்லும் பெட்டியின் மூலையில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தி மூடினால், மூடியதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு வேலைக்கு நாள் குறித்தது. எங்கள் ஊரில் பெண் பார்க்க வந்தவர்களிடம் 'இஷ்டமில்லை' என்று கதவைச் சாத்தினால், சாத்திய கதவில் மாவிலை கட்டுவது போல. அதே வருஷம் ஏப்ரலில் அமெரிக்காவில் அயோவா மாகாணத்துத் தொலைக்காட்சி ஒன்றில் வானிலை அறிக்கை நேரலையில் ஓடிக்கொண்டிருந்தது. மேக வரைபடத்தின் மேல் அந்தப் பெட்டி வந்து உட்கார்ந்தது. மழையைக் காட்டிக்கொண்டிருந்த பெண்மணி சிரித்துச் சமாளித்தார். அவருக்குப் பின்னால் நான்கு பேர் நனைந்துகொண்டு நிற்கவில்லை.

கிழமை விஷயத்துக்கு வருகிறேன். 2003 அக்டோபரிலிருந்து மைக்ரோசாஃப்ட் தன் பேட்ச்களுக்கு மாதத்தின் இரண்டாம் செவ்வாயைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. அலுவலகக் கணினிக்காரர்கள் திங்கட்கிழமைத் தலைவலிகளை முடித்திருப்பார்கள், கெட்டுப்போனால் சரிசெய்ய வாரத்தில் மிச்ச நாள் இருக்கும் என்பது நியாயம். நல்ல நியாயம்தான். ஆனால் 'செவ்வாயோ வெறுவாயோ' என்று எங்கள் பாட்டிமார்கள் நகம்கூட வெட்டமாட்டார்கள். அதோடு அங்கே காலை பத்து மணி என்றால் இங்கே இரவு பத்தரை, பனிக்காலத்தில் பதினொன்றரை. எனவே பெரும்பாலும் எங்களுக்கு விடிவது புதன். பொன் கிடைத்தாலும் கிடைக்காத புதன். அந்தப் புதனுக்கு உங்கள் தொழிலிலேயே 'எக்ஸ்ப்ளாய்ட் வெட்னெஸ்டே' என்று பட்டப்பெயர் இருப்பதை அறிந்து ஆச்சரியப்பட்டேன். செவ்வாயன்று வெளியான பேட்சைப் பிரித்துப் பார்த்து, ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்து, இன்னும் போடாதவன் வீட்டில் புதன்கிழமை நுழைவார்களாம். போட்டால் பிரின்டர் போகிறது, போடாவிட்டால் பெட்டியே போகிறது.

பிரின்டர் போவது என் ஒருவன் புலம்பல் அல்ல. 2021 மார்ச்சில் வந்த ஒரு பேட்சுக்குப் பிறகு சில கம்பெனிகளின் பிரின்டருக்குக் கட்டளை கொடுத்ததுமே விண்டோஸ் கணினி நீலத்திரையாகி விழுந்தது. அச்சடிக்கச் சொன்னதற்கு மயக்கம். 2018 அக்டோபரில் வந்த பெரிய அப்டேட் சிலருடைய கோப்புகளையே அழித்துவிட்டது என்று அதன் விநியோகத்தை சில நாட்களில் நிறுத்தினார்கள். 2024 ஜூலை 19 வெள்ளிக்கிழமை நடந்தது ஊரறியும். அது இயங்குதளத்தின் குற்றம் இல்லை, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் அனுப்பிய அப்டேட். இருபது தகவல் கொடுக்கப்பட்ட இடத்தில் இருபத்தொன்றாவதைத் தேடிப்போய் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. ஒரு கோப்பை அழித்தால் சரியாகிவிடும், ஆனால் பெரும்பாலும் ஒவ்வொரு கணினி முன்னாலும் ஆள் போய் உட்கார்ந்து அழிக்க வேண்டும். அன்று இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். அதில் சிலருடைய கையெழுத்து நன்றாகவே இருந்தது.

இன்னொரு விஷயம், 'கடைசி' என்ற சொல். 2015-இல் மைக்ரோசாஃப்ட் ஊழியர் ஒருவர் மேடையிலேயே விண்டோஸ் 10-தான் கடைசிப் பதிப்பு என்றார். ஆறு வருஷத்தில் 11 வந்தது. சினிமா போஸ்டரில் 'இன்றே கடைசி' என்று துண்டுச்சீட்டு அச்சடித்துக் கொடுத்தவன் நான், அதன் அர்த்தம் எனக்குத் தெரியாதா? படம் இன்னும் ஒரு வாரம் ஓடும். ஆனால் 11-ஐ ஏற்றிக்கொள்ள டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சமும் அவர்கள் பட்டியலில் உள்ள பிராசஸரும் வேண்டும். இல்லாத கணினிக்கு 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான பேட்ச் நின்றுபோனது. இன்னும் ஒரு வருஷம் வேண்டியவர்களுக்கு அப்போது சில வழிகள் வைத்தார்கள், அதில் ஒன்று 30 டாலர் கட்டுவது. அதாவது, வேண்டாம் என்றபோதெல்லாம் வலிய வந்த அப்டேட், வேண்டும் என்று கேட்டபோது விலை கேட்டது.

ஆப்பிள்காரர்கள் சிரிக்க வேண்டாம். அப்டேட் போட்டதும் போன் தள்ளாடுகிறது என்று பலரும் சந்தேகப்பட்டதை 2017 டிசம்பரில் நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். பேட்டரி தளர்ந்த போன் சட்டென்று அணைந்துபோகாமல் இருக்க வேகத்தைக் குறைத்தோம் என்றீர்கள். நல்ல எண்ணமாகவே இருக்கட்டும். வயதானவரை மெதுவாக நடக்கச் சொல்வதில் தப்பில்லை. சொல்லாமல் காலைக் கட்டுவதுதான் தப்பு.

எங்கள் மின்வாரியத்தை நாங்கள் பேசாத பேச்சில்லை. ஆனால் மாதாந்திரப் பராமரிப்பு என்றால் முதல்நாள் பேப்பரில் வரும். இன்ன துணைமின் நிலையம், இன்னின்ன தெருக்கள், காலை 9 முதல் மதியம் 2 வரை. மாவரைப்பவர்கள் முன்னாலேயே அரைத்துக்கொள்வார்கள். நான் லேமினேஷனை முதல்நாளே முடித்துவிடுவேன். சொன்னபடி இரண்டு மணிக்கு வராது, மூன்றரைக்குத்தான் வரும், ஆனால் என் வீட்டு மின்விசிறியை எடுத்துவிட்டு வேறு மாட்டிவிட்டுப் போகமாட்டார்கள்.

கோயிலையும் பாருங்கள். எங்கள் பக்கம் கும்பாபிஷேகம் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. அதற்கான திருப்பணி தொடங்கும் முன்பு பாலாலயம் என்று ஒன்று செய்வார்கள். மூலவரின் சக்தியைக் கும்பத்தில் இறக்கி, ஓரமாக ஒரு சின்ன இடத்தில், சில கோயில்களில் அத்திப்பலகையில் எழுதிய படத்தில், குடிவைப்பார்கள். கருவறையில் சாரம் கட்டி வேலை நடக்கும். இங்கே விளக்கு எரியும், பூஜை நடக்கும், திருநீறு கிடைக்கும். சாமியே ஆனாலும், இருக்க ஓர் இடம் செய்துகொடுத்துவிட்டுத்தான் இடத்தைக் காலி செய்யச் சொல்வோம்.

இது உங்களால் முடியாத காரியமும் இல்லை. 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7-இலேயே இதற்கு வழி வைத்தார்கள். சேமிப்பகத்தில் இயங்குதளத்துக்கு இரண்டு அறை. ஒன்றில் நீங்கள் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்ததில் புதியது ஏறிவிடும். மறுமுறை அணைத்துப் போடும்போது அறை மாறும். புதிய அறையில் எழுந்திருக்க முடியாவிட்டால் பழைய அறைக்கே திரும்பும். குரோம்புக்கிலும் இதே ஏற்பாடு. அப்டேட்டுக்காக யாரும் நீலத்திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. போனுக்கு உள்ள பாலாலயம் என் கடைக் கணினிக்கு ஏன் இல்லை என்று கேட்டால், இடம் அதிகம் வேண்டும், பழைய கட்டுமானம், ஓடிக்கொண்டிருக்கும் கோப்பை மாற்ற முடியாது என்று காரணங்கள் வரும். சரி. அப்படியானால் 'இரவு எட்டுக்கு மேல் இவன் மனிதன் இல்லை' என்ற அந்தக் கணக்கையாவது மாற்றிக்கொள்ளுங்கள். 'வேண்டாம்' என்று ஒரு பட்டன் வையுங்கள். ஓட்டை அடைப்பவரைத் தனியாகவும், பீரோவை நகர்த்துபவரைத் தனியாகவும் அனுப்புங்கள். முதலாமவருக்கு டீ இருக்கிறது என்று முன்பே சொல்லிவிட்டேன்.

மனுவை இன்று எழுதக் காரணம் உண்டு. நேற்று அந்தப் பெரியவரின் மூத்த மகன் கடைக்கு வந்திருந்தார். முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்குப் போஸ்டர் வேண்டுமாம், அதே படம், அதே குத்துவிளக்கு. எதிர்க்கடைக்குப் போவார் என்றுதான் நினைத்தேன், என்னிடம் வந்தார். "இந்தத் தடவை வயசை மட்டும் சரியாப் போட்டுருங்க. அம்மாகிட்ட இன்னும் கேலி பண்றாங்க" என்றார். எப்போது வேண்டும் என்று கேட்டேன். திதி பார்த்துவிட்டார்களாம். முதல்நாள் ராத்திரியே ஒட்டிவிட வேண்டுமாம். அவர் போனபிறகு காலண்டரைக் கிழித்துக் கிழித்துப் பார்த்தேன்.

திதி புதன்கிழமை வருகிறது. அதற்கு முதல்நாள், மாதத்தின் இரண்டாம் செவ்வாய்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள பயனர்.

இணைப்பு: 48 வயது போஸ்டர் ஒன்று (சுவரிலிருந்து உரித்தது, ஓரம் கிழிந்துள்ளது).